அலசுகிற இடத்தில் தண்ணீர் இல்லை

நீ பெட்டி அடுக்குகிற சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்கிறது. நாளை மறுநாள் மத்தியானம் விருதுநகர் சந்திப்பில் உன்னை ரயிலேற்றிவிட வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததை எல்லாம் எழுதியே பழகியவள் நான், அதனால் இதையும் எழுதுகிறேன். போன வாரம் சான்றிதழ் தேடுகிறேன் என்று பீரோவின் கீழ்த்தட்டைக் கலைத்தாயே, அப்போது உன் கையில் இரண்டு சிடி அகப்பட்டது. ஒன்றின் மேல் ‘1’ என்றும் மற்றதன் மேல் ‘2’ என்றும் பேனாவால் எழுதியிருந்தது. சிடி ஓட்டுகிற கருவியை யாரிடமோ இரவல் வாங்கி வந்து இரண்டையும் பார்த்துவிட்டு, அடுப்படி வாசலில் நின்று கேட்டாய்: “அம்மா, மொத சிடியில நடுவுல ஒரு தண்ணி வருதுல்ல, செமயா இருக்கும்மா. அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல எப்படிச் செஞ்ச? ரெண்டாவதுல ஏன் அத நடுவுலருந்து தூக்கிக் கடைசியில கொண்டு போயி வச்ச? நீலமா இருந்தது வெள்ளியா வேற மாறியிருக்கு.” நான் “சும்மாதான்” என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தணிக்கத் திரும்பிக்கொண்டேன். என்னுடைய ‘சும்மாதான்’ பானை மேல் வைக்கிற மூடி என்பது இத்தனை வருடத்தில் உனக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கடிதம் அந்த மூடியைத் திறப்பதற்காக.

நீ புவனேசுவரத்துக்குப் போவது ஓர் அருங்காட்சியகத்துக்குச் சின்னச் சின்ன அசைவுப் படங்கள் செய்ய. கடலோரத்து மக்கள் செய்கிற வேலைகளை இரண்டு நிமிடம், மூன்று நிமிடப் படமாக்கிச் சுவரில் ஓடவிடப் போகிறாய். நான் மூன்று வாரம் உட்கார்ந்து செய்ததை நீ ஒரு மத்தியானத்தில் செய்துவிடுவாய். தொழில் நுணுக்கத்தில் உனக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வேலையில் ஒருவர் எப்படித் தப்பு செய்வார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் செய்திருக்கிறேன். உன்னைப் போல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்தவர் வேலையை வரைகிற பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை அச்சுக்கும் கொடுக்கிறேன். உனக்குச் சங்கடமாக இருந்தால் பொறுத்துக்கொள், எனக்கு அதைவிட அதிகச் சங்கடம்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படியேறியவள் நான். ஆறாம் வகுப்பிலிருந்து என்னை விருதுநகரில் அத்தை வீட்டில் விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவகாசிப் பக்கத்தில் எங்கள் ஊரான விஸ்வநத்தத்துக்கு வருவேன், திங்கட்கிழமை விடியற்காலை திரும்பிவிடுவேன். மொத்த வியாபாரத் தெருவில் மிளகாய் வற்றல் மூட்டை இறக்கும் நேரம் பார்த்து நடந்து போனால் கல்லூரி வாசல் வரைக்கும் தும்மல்தான். கணிதம் மூன்று வருடம் படித்தேன். அந்த மூன்று வருடத்தில் வகுப்பில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அதற்குப் பதிலாகப் பார்த்தேன். எந்த ஆசிரியைக்கு எந்தக் கால் செருப்பு தேய்ந்திருக்கிறது, யார் தூங்காமல் வந்திருக்கிறார், யார் புதுக் கம்மலைக் காட்டுவதற்காகத் தலையைத் திருப்புகிறாள் என்று எல்லாம் எனக்குத் தெரியும். கேட்காமலே பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. கூச்சத்துக்கு நானே வைத்துக்கொண்ட நல்ல பெயர் அது.

உன் தாத்தா, என் அய்யா, அப்போது ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். என்ன வேலை என்று கேட்டால் அம்மா “மருந்து அலசுறாரு” என்று சொல்வாள், அதற்கு மேல் பேச்சு நகராது. மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற வெடிப்பொடி. அது சின்ன வயதிலேயே தெரியும். அலசுவது என்றால் என்ன என்று நான் கேட்டதில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது? துணி அலசுகிறோம், அரிசி அலசுகிறோம், பாத்திரம் அலசுகிறோம். அது மட்டுமில்லை, எனக்குச் சாட்சியும் இருந்தது. அய்யா வேலை முடிந்து வரும்போது எப்போதும் தலை நனைந்திருக்கும். சட்டைக் காலரில் ஈரம் படர்ந்திருக்கும். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருக்கும். காதுமடலுக்குப் பின்னால் மட்டும் ஏதோ மினுங்கும். அதை நான் எண்ணெய் என்று நினைத்தேன். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற வேலை, பாவம் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். தெருவில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் உண்மை தெரிந்திருக்கும். ஆனால் படிக்கிற பிள்ளை என்று என்னிடம் யாரும் கம்பெனிப் பேச்சு பேசுவதில்லை. அய்யாவின் கட்டளை அது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். படிப்பு முடிந்து ஊரோடு வந்து, ஆறு மாதம் கணினி படித்துவிட்டுச் சிவகாசியில் ஒரு சின்ன டிசைன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு அச்சகங்களுக்கு நடுவில் ஒரு சந்து, மாடியில் மூன்று கணினி. காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சேர்ந்த அன்று அவர் என்னிடம், “அப்பா என்ன செய்றாக?” என்று கேட்டார். “கம்பெனியில போர்மேனு” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் தன் அப்பா வாத்தியார் என்று அப்போதுதான் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. அதன் பிறகு வேலையைப் பற்றி எது கேட்டாலும் அந்தப் பொய் அவிழ்ந்துவிடும் என்று வாயையே திறப்பதில்லை. பொய் சொன்னால் பாவம் என்பது இருக்கட்டும். பொய் சொன்னவர் அதன் பிறகு கேள்வி கேட்க முடியாது. அதுதான் எனக்குத் தெரிந்த பெரிய தண்டனை.

அந்தச் சமயத்தில் வெளியூர் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரு ஆர்டர் வந்தது. பட்டாசு எப்படித் தயாராகிறது என்று மூன்று நிமிட அசைவுப் படம் வேண்டும், கூடத்தில் இரைச்சல் அதிகம் என்பதால் பேச்சு இல்லாமலே புரிய வேண்டும். அதே படத்தைச் சிடியில் போட்டு, சீசனுக்குப் புதிதாகச் சேருகிற தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பில் காட்டவும் ஏற்பாடு. ஆறு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: ‘தொழிலாளி மருந்தை நிதானமாக அலசுகிறார்.’ அவ்வளவுதான். பட்டாசு ஆலைக்குள் கேமரா கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே பார்த்து வரையப் படமும் இல்லை. ஆனால் எனக்கு எதற்குப் படம்? தலை நனைந்த அய்யாவைத் தினமும் பார்த்தவள் நான். ஒரு பெரிய தொட்டி வரைந்தேன். ஒரு மனிதன் வாளியில் தண்ணீர் ஊற்றுகிறான், பொடியைப் போட்டுக் கையால் அளைகிறான். அந்தத் தண்ணீரை அசைய வைக்க நான்கு நாள் ஆனது. ஒவ்வொரு அலையையும் தனித்தனியாக வரைந்து அடுக்க வேண்டும், ஓட்டிப் பார்த்தால் கணினி மூச்சு வாங்கும். நான்காம் நாள் தண்ணீர் தளும்பியது. கீழே அச்சகத்திலிருந்துகூட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நான்கு நாளும் அய்யா எனக்கு எதிரே இரண்டு அடி தள்ளி உட்கார்ந்துதான் சாப்பிட்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விஸ்வநத்தம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, ஒரு டிவியை மேசை மேல் வைத்து, முதல்முறையாகப் படத்தைப் போட்டுக் காட்டினோம். பல கம்பெனிகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நடுவரிசையில் அய்யா. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவா வேண்டாமா என்று தெரியாமல் துண்டைச் சரிசெய்துகொண்டார். “அப்பாவா?” என்று அண்ணாச்சி என்னிடம் கேட்க, தலையாட்டினேன். படம் ஓடியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற காட்சிக்குத் தலையாட்டினார்கள். பருத்திச் சேலை கட்டிய பெண்ணைப் பார்த்து, “ஏ, நம்ம பேச்சியக்கா மாரி இருக்கா” என்று யாரோ சொல்ல, பேச்சியக்கா வெட்கப்பட்டாள். பிறகு தொட்டி வந்தது. தண்ணீர் தளும்பியது. பேச்சியக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

“ஏ ஆத்தி! மருந்தக் கொண்டு போயி தண்ணிக்குள்ள போடுறானே, கூறு கெட்டவன்!”

“அலசுறான்லா, அதான். அடுத்து நீலம் போட்டுக் கொடியில காயப் போடுவான் பாரு” என்றது இன்னொரு குரல்.

கூடம் சிரிப்பில் குலுங்கியது. நானும் ஏன் என்று தெரியாமலே சிரிக்கப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “சிரிக்காதீக. நமக்குத் தெரியும், சிரிக்கிறோம். நாளைக்குப் புதுசா வாரவன் இதப் பாத்துட்டுப் போயி ஒரு செம்புத் தண்ணிய ஊத்துனாம்னா? நனஞ்ச மருந்து தானா சூடேறும்லா. அந்தக் கட்டடத்துல ஒரு ஆளு மிஞ்சுவானா? யாரு வரஞ்சது இத?” சிரிப்பு அப்படியே நின்றது.

என் கையில் ரிமோட் இருந்தது. நான் சுவரோடு சுவராக நின்றேன். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அண்ணாச்சி முன்னால் வந்தார். “கம்ப்யூட்டர்ல ஏதோ மிஸ்டேக் ஆயிருச்சு. இங்கன நம்ம பிள்ளையோட அப்பா இருக்காக, போர்மேனு. வெவரம் தெரிஞ்சவுக. அவுகளே சொல்லட்டும். வாங்க, போர்மேன் அய்யா.” எல்லாத் தலையும் அண்ணாச்சியின் கை நீண்ட பக்கம் திரும்பியது. அங்கே அய்யாதான் இருந்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: “ஏலே கருப்பசாமி, எப்பம்லே போர்மேன் ஆன? எங்களுக்கு ஒரு டீகூட வாங்கித் தரலையே.”

அய்யா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அதற்குள் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. “இன்னைக்குக் காலைலதாம்லே ஆனேன். ஆர்டர் இன்னும் கைக்கு வரல” என்றார். கூடம் மறுபடி சிரித்தது, இந்தத் தடவை என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்து. ஒரு மனிதர் தன் மகளின் பொய்யைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு ஊர் முன்னால் கேலிக்கு நிற்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன். பார்ப்பதில் கெட்டிக்காரி அல்லவா நான், பார்த்துக்கொண்டே இருந்தேன், வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணாச்சிதான் தலையில் கைவைத்தார். முதல் சிடியின் பிரதி ஒன்றை முந்தின நாளே வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புது ஆட்களை உட்காரவைத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போன் அடித்தது, விடுமுறை நாளில் எடுக்க ஆளில்லை. “ஒரு தாள்ல திருத்தம்னு எழுதி அனுப்பிச்சிருவோம்மா” என்றார் அண்ணாச்சி. “நேர்ல போயி தப்புன்னு சொன்னா மியூசியத்துக்காரவுக காதுக்குப் போயிரும். அப்புறம் ஆர்டரே இருக்காது.” நான் சொன்னேன்: “தாள யாரு படிப்பா அண்ணாச்சி? படிக்கத் தெரியாதவுகளுக்காகத்தான நாம படமே வரஞ்சோம். நான் போறேன்.” அவரிடம் நான் அதுவரைக்கும் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “சரி, போயிட்டு வா. மியூசியத்துக்கு நான் சொல்லிக்கிறேன்” என்றார்.

வீட்டுக்கு அய்யாவின் சைக்கிளுக்குப் பக்கத்தில் நடந்தேன். பாதி வழி வந்திருப்போம். “ஏன் தாயி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?” என்றார். கோபமே இல்லை குரலில். “நீங்க தெனமும் தல நனஞ்சுதான வருவீக அய்யா. அலசுறதுன்னா தண்ணின்னு நெனச்சுட்டேன்” என்றேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். மருந்து அலசுவது என்றால் காய்ந்த பொடிகளைச் சல்லடையில் போட்டுக் கையால் மெல்ல மெல்லச் சலித்துக் கலப்பது, அங்கே ஒரு சொட்டு ஈரம் ஆகாது என்று அப்போதுதான் சொன்னார். அலுமினியப் பொடி உடம்பெல்லாம் அப்பி, சாயங்காலம் மனிதன் வெள்ளிச் சிலை மாதிரி ஆகிவிடுவானாம். கம்பெனித் தொட்டியில் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். “நான் என்ன வேல பாக்குறேன்னு ஒனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் அம்புட்டுக் குளிப்பும். அது இப்படியா வந்து விடியணும்” என்றார். மகனே, நான் அவர் வேலையைக் கடையில் மறைத்தேன், அவர் அதையே என்னிடம் மறைத்தார். இரண்டு பேரும் மறைத்ததற்கு நடுவில்தான் அந்தத் தொட்டி வந்து உட்கார்ந்திருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம், அது வரவில்லை. அய்யா ஒரு சிநேகிதரின் மொபட்டை வாங்கி வந்தார். கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு தாண்டிவிட்டது. அய்யா இறங்கி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். “வரஞ்சது நீ. நீயே சொல்லு” என்றார். வாசல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மேனேஜர் இன்னும் வரல. அங்கன படம் ஓடிக்கிட்டிருக்கு, முடியவும் வா.” “அந்தப் படத்த நிப்பாட்டணும்யா” என்றேன். “நிப்பாட்டவா? நீ யாரு மொதல்ல?” “கருப்பசாமி மக.” “எந்தக் கருப்பசாமி? இந்த ஊர்ல கல்லெறிஞ்சா ஒரு கருப்பசாமி மேலதாம்மா விழும்.”

மரத்தடியில் அய்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழாதவர் மாதிரி. “அலசுற கருப்பசாமி” என்றேன். “விஸ்வநத்தத்துல மருந்து அலசுறாகள்லா, அந்தக் கருப்பசாமி மக. இந்தப் படத்த வரஞ்சது நான்தான். தப்பா வரஞ்சிட்டேன். இதப் பாத்து எவுகளாவது செஞ்சா உசுரு போயிரும். உள்ள விடுங்க.” அவர் கதவை விட்டு விலகினார். அய்யாவின் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை, ஓடினேன். அலுவலக அறையில் முப்பது நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் தொட்டி வந்துவிட்டிருந்தது. நான்கு நாள் கண் வலிக்க வரைந்த அலை முதல் தளும்பல் தளும்பியது. ரிமோட்டைத் தேடவில்லை, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

“ஏம்மா, நல்லாத்தான இருந்துச்சு, ஏன் அமத்துன?” என்றது ஒரு குரல். “இது தப்பு. நான்தான் வரஞ்சேன்” என்றேன். “சத்தமாச் சொல்லு தாயி, இங்கன கேக்கல.” மறுபடி சொன்னேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். என் வயதுப் பெண் ஒருத்தி எழுந்து, “அப்ப எப்படித்தான் அலசணும்?” என்று கேட்டாள். “எனக்குத் தெரியாது.” “தெரியாமலா வரஞ்ச?” “ஆமா.” அந்த ‘ஆமா’வுக்குப் பிறகு எதுவும் இடிந்து விழவில்லை. யாரும் துப்பவில்லை. அந்தப் பெண் “சரி, விடு” என்று உட்கார்ந்துவிட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டால் ஊர் என்ன செய்யும் என்று இருபத்திரண்டு வருடம் பயந்திருந்தேன். ஊர் செய்தது அவ்வளவுதான். “எங்கய்யாவுக்குத் தெரியும். வாசல்ல நிக்காரு” என்றேன். கூட்டி வந்தார்கள். சல்லடை இல்லாமல், பொடி இல்லாமல், வெறும் காற்றில் இரண்டு கையையும் வைத்து அவர் செய்து காட்டினார். அத்தனை பேரும் அவர் கையையே பார்த்தார்கள். என் அய்யாவின் வேலையை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான், அந்நியர்களோடு அந்நியராக உட்கார்ந்து.

பிறகு வீட்டில் பாடம் நடந்தது, ஆனால் யார் யாருக்கு நடத்தினார்கள் என்று சொல்ல முடியாது. கேழ்வரகு மாவும் அம்மாவின் சல்லடையும். நான் நோட்டும் பென்சிலுமாக எதிரே. நான் பார்க்கிறேன் என்றதும் அய்யா வேகமாகவும் ஒய்யாரமாகவும் ஆட்ட ஆரம்பித்துவிட்டார். “இப்படியா அய்யா செய்வீக?” என்றால், “படத்துக்குக் கொஞ்சம் பார்வையா இருக்கட்டும் தாயி” என்கிறார். “பார்வ வேண்டாம். யாரும் பாக்காதப்ப எப்படிச் செய்வீகளோ அப்படிச் செய்யுங்க.” “நீதான் பாத்துக்கிட்டே இருக்கியே.” அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்: “அப்பனும் மகளும் சினிமா எடுத்து முடிங்க. நாளைக்குக் களிக்கு நான் மண்ணத்தான் கிண்டணும்.” சொல்லிவிட்டு அவளே, “அவரு தோள் இப்படித் தூக்காது, கீழதான் இருக்கும். தூக்கம் வரும்போது பாத்திருக்கேன், கை தானா அலசும்” என்று திருத்தினாள். இதிலிருந்து ஒன்றை வைத்துக்கொள். ஒருவரை வேலையைச் செய்து காட்டச் சொன்னால் முதல் தடவை உனக்காகச் செய்வார், இரண்டாம் தடவை நினைத்து நினைத்துச் செய்வார். மூன்றாம் தடவைதான் கை தன்பாட்டுக்குச் செய்யும். அதுவரைக்கும் பென்சிலை எடுக்காதே.

இரண்டாவது சிடியில் மனிதனுக்கு முகம் வெறும் வட்டம், கைகள் மட்டும் அவ்வளவு நுணுக்கம் ஏன் என்று நீ யோசித்திருப்பாய். நேரம் அதற்குத்தான் இருந்தது, அதுதான் காரணம். தொட்டியை எடுத்துவிட்டு முழுப் படத்தையும் கடையில் வைத்து அய்யாவுக்கு ஓட்டிக் காட்டினேன். அண்ணாச்சி தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க, அலசுற அய்யா” என்றார். அதில் கேலி இல்லை. வேலையின் பெயரோடுதான் இங்கே மனிதர்களை அறிவார்கள். அய்யா இரண்டு தடவை பார்த்தார். பிறகு, “அந்தத் தண்ணிய எங்க?” என்றார். எடுத்துவிட்டேன் என்றேன். “அம்புட்டு அழகா வரஞ்சிட்டு ஏன் தாயி தூரப் போடுற? வேல முடிஞ்சப்பறம் நான் குளிக்கேன்லா, அங்கன போடு” என்றார். கொஞ்சம் தயங்கி, “ஆனா நீலம் வேண்டாம். மேலருந்து ஊத்தும்போது தெளிவா இருக்கும், கால்கிட்ட ஓடும்போது வெள்ளியா இருக்கும்” என்றார். எனக்குத் தெரியக்கூடாது என்று இருபது வருடம் தேய்த்துக் கழுவிய நிறத்தை அவரே எனக்கு எடுத்துக் கொடுத்தார்.

அருங்காட்சியகத்தில் தாமதத்துக்குக் கோபப்படவில்லை. அந்த ஆறு பக்கத்தை எழுதியவர் போனில் அண்ணாச்சியிடம், “எனக்கும் அலசுறதுன்னா என்னன்னு தெரியாதுங்க. சொன்னாங்க, எழுதிக்கிட்டேன்” என்றாராம். நான் ஒருத்திதான் கேட்காமல் விட்டேன் என்று நினைத்திருந்தேன். இல்லை, அந்தச் சொல் என்னிடம் வருவதற்கு முன்னாலேயே கேள்வி இல்லாமல் ஒரு கை தாண்டி வந்திருக்கிறது. படம் அங்கே ஓடத் தொடங்கிய மறுமாதம் அய்யா, அம்மா, நான் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். தூணுக்குப் பக்கத்தில் சின்னத் திரை, முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கடைசிக் காட்சியில் மனிதன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, “டீச்சர், அந்த மாமா மேலருந்து வெள்ளி ஓடுது!” என்று கத்தினாள். அய்யா பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பொடி அப்பிய கையை மறைக்கிற பழக்கத்தில் அவர் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. பிறகு தானாக முன்னால் வந்து, கைப்பிடிக் கம்பியின் மேல், எல்லோரும் பார்க்கும்படி அமர்ந்தன.

நீ போகிற ஊரின் பேச்சு உனக்குத் தெரியாது என்று கவலைப்படுகிறாய். அது உனக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. தெரியாத சொல் நம்மை நிறுத்திக் கேட்க வைக்கும். தெரிந்த சொல்தான் ஏமாற்றும். கொஞ்ச நாளில் அவர்கள் பேச்சு உனக்குப் பழகிவிடும், அப்போதுதான் ஜாக்கிரதையாக இரு. ஒரு சொல் உனக்கு ரொம்பச் சுலபமாகப் புரிந்தால், அதைச் சொன்னவரிடம் போய், இதைச் செய்து காட்டுங்கள் என்று கேள். அவமானம் ஒன்றும் இல்லை, நான் உனக்காக முன்பே பட்டுவிட்டேன். படம் முடிந்ததும் உன் அதிகாரிகளுக்குக் காட்டுவதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்கிறவர்களுக்குப் போட்டுக் காட்டு. அவர்கள் பாராட்டுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. சிரித்தால் அங்கே நிறுத்து. எங்கே சிரித்தார்களோ அங்கேதான் உன் தொட்டி இருக்கிறது. அழகாக வந்துவிட்டதே என்று அதைக் காப்பாற்றப் பார்க்காதே, தூரவும் போடாதே. அதற்கு உரிய இடம் வேறு எங்கோ இருக்கும், அதை அவர்களே சொல்வார்கள்.

இப்போது நீ அந்த அறையிலிருந்து சார்ஜர் எங்கே என்று கத்துகிறாய். உன் தாத்தா வாசலில் உட்கார்ந்து, ரயிலில் கொண்டுபோக முறுக்கு போதுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். கிளம்புவதற்கு முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டாவது சிடியைப் போட்டுக் காட்டு. தண்ணீர் வரும்போது ஏதாவது சொல்வார். என்னவென்று என்னிடம் வந்து சொல். அதன் பிறகு நீ என்னிடம் எதைக் கேட்டாலும் ‘சும்மாதான்’ என்று சொல்ல மாட்டேன்.

அலசுற கருப்பசாமியின் மகள்,
உன் அம்மா